அவர் பெயரில் ஓர் இடம்

என் கணவர் இறப்பதற்குப் பதினாறு நாள் முன்பு, எங்கள் இருவருக்கும் வெளிநாட்டில் ஒரு பழைய குவிமாடத்தில் ஏற இடம் பதிவு செய்தார். பத்து மாதம் கழித்து வரவிருந்த ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் விடமாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறைதான் பதிவைத் திறப்பார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அன்று காலை மடியில் இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். "பிடிச்சாச்சு" என்று சமையலறை வரை வந்து சொன்னார்.

குடிநீர் வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் போட்டவர். எந்த ஊருக்குப் போனாலும் கட்டடத்தின் முகப்பைவிட அதன் மறைவான பக்கங்கள்தான் அவருக்குப் பிடிக்கும். அந்தக் குவிமாடத்துக்கு இரண்டு கூரை, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நடுவிலிருக்கும் இடைவெளியில்தான் படிக்கட்டு சுற்றிச் சுற்றி மேலே போகிறது. இதைக் கிண்ணத்தின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து எனக்கு விளக்கினார். அப்புறம் ஒரு திங்கட்கிழமை பல் வைத்தியரிடம் போனவர், தன் முறை வருவதற்குள் காத்திருந்த நாற்காலியிலேயே போய்விட்டார். அங்கிருந்த பெண் மூன்று முறை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.

வந்த உறவெல்லாம் கிளம்பிய அன்று, என் கணவரின் அக்கா ஒரு பையோடு திரும்பி வந்து நின்றார். "பத்து நாள் இருக்கேன்" என்றார். ஒன்பதரை மாதம் ஆனது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக்குப் போனாலும் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்து, ஜன்னலைத் திறந்து, தலையணையைத் தட்டிப்போட்டுவிட்டுத்தான் உட்காருவார். அதனால் தம்பி அவருக்கு வைத்த பெயர் 'ரவுண்ட்ஸ்'. என்னைத் தனியாக விடக்கூடாது என்று அவரும் என் மகளும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். குளியலறையில் தாழ்ப்பாள் போடக்கூடாது. பத்து நிமிடம் தாண்டினால் கதவு தட்டப்படும். முகம் கொஞ்சம் வாடினால் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையில் ஏறிவிடும். "நூத்தி முப்பத்தஞ்சு. இப்ப என்ன நினைச்சே?"

நான் முப்பது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். ஒரே வரியை நாள் முழுக்க உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அதில் இல்லாத பிழையும் தெரிய ஆரம்பிக்கும். அக்கா என் முகத்தை அப்படித்தான் படித்தார். குறையாகச் சொல்லவில்லை. முதல் மாதம் நான் சாப்பிட்டதெல்லாம் அவர் ஊட்டாத குறையாக ஊட்டியதுதான். ஆனால் அந்த ஒன்பதரை மாதத்தில் யாரும் பார்க்காமல் என் முகம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

குவிமாட அலுவலகத்துக்கு மகள் எழுதினாள். அப்பா காலமாகிவிட்டார், அவர் இடத்தில் அத்தை போகலாமா என்று கேட்டாள். பெயரை மாற்ற இயலாது, வருந்துகிறோம், அவர் பதிவை நீக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. ஓர் இடம் மிஞ்சியது, எனக்கு மட்டும். அந்தக் கடிதத்தை மகள் தொலைபேசியில் வருத்தத்தோடு படித்துக் காட்டினாள். எனக்கு வருத்தம் வரவில்லை. அக்கா வரமுடியாத இரண்டு மணி நேரம் ஒன்று உலகத்தில் எங்கோ எனக்காக இருக்கிறது என்றுதான் தோன்றியது. யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பயணத்துக்குச் சம்மதித்தேன். துணைக்கு அக்கா வருவார் என்பதை யாரும் என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை.

ஐந்து நாள் பயணம். வியாழன் மூன்றாவது நாள். மற்ற நாட்களுக்கு என்ன பார்ப்பது என்பதை, போய் இறங்கிய அன்று ஹோட்டல் அறையில் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்து என் தொலைபேசியில் தேடினோம். எல்லாவற்றையும் இயந்திரமே தமிழில் மொழிபெயர்த்துக் காட்டியது. அக்காவுக்குக் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாது, அதனால் நான் வாசித்தேன்.

"குதித்து ஏறு குதித்து இறங்கு பேருந்து."

"யாரைக் குதிக்கச் சொல்றான்? என் முழங்காலைக் கேட்டானா?"

"எந்த இடத்துலயும் ஏறி இறங்கிக்கலாம்னு அர்த்தம்கா. அடுத்தது, பழைய நகரில் கால்நடைச் சுற்றுலா, மூன்று மணி நேரம்."

"மாட்டைப் பாக்கவா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தோம்?"

"நடந்து போறதைத்தான் கால்நடைன்னு போட்டிருக்கான்."

"அப்ப மாடு யாரு? நாமதானா?"

சிரித்துவிட்டேன். சிரித்ததையும் அக்கா கவனித்தார் என்பது தெரிந்தது. நான் நடைச் சுற்றுலாவையே பிடித்துக்கொண்டேன். மூன்று மணி நேரம் நடக்க முழங்கால் விடாது, நீ போய்ட்டு வா என்பார் என்று ஒரு நப்பாசை. "மெதுவா நடந்தா போச்சு, நீ போற இடத்துக்கு நானும்" என்றார். நிலவறைச் சுற்று ஒன்று இருந்தது, இருட்டு, குனிந்தே போகவேண்டும். "ஆஸ்பத்திரியில பவர் போய் ராத்திரி முழுக்க டார்ச்லைட்ல ஊசி போட்டவ நான், இருட்டு என்ன செய்யும்?" என்றார். கடைசியில் என் மனசாட்சியே குறுக்கே வந்தது. அவர் முழங்காலை நினைத்துப் பேருந்து, அருங்காட்சியகம், ஆற்றில் படகு என்று உட்கார்ந்து பார்க்கக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

பதிவு செய்வதற்கு ஹோட்டல் இருந்த தெருமுனையில் ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. சுவர் முழுக்கத் துண்டுப் பிரசுரங்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடுகிற ஒரு மனிதர். அவர் மொழி எங்களுக்குத் தெரியாது, எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. நடுவில் ஆளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம். வேலை நடந்தது. அக்கா ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்: குவிமாடத்துக்கு இன்னோர் இடம் கிடைக்குமா? இல்லை என்று அவர் தலையாட்டும்போதெல்லாம் எனக்கு மூச்சு திரும்பும். புதன்கிழமை மாலை, நல்ல மனிதர், அக்காவின் மேல் இரக்கப்பட்டு, நாளைக்கு நேராக அங்கேயே போய்க் கேளுங்கள், கடைசி நேரத்தில் யாராவது வராமல் இருப்பார்கள் என்றார்.

"பாத்தியா, வழி இருக்கு" என்றார் அக்கா.

"ஆமாங்கா" என்றேன்.

அதுவரை பேருந்திலும் படகிலும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரே கோபுரத்தையும் ஒரே பாலத்தையும் பார்த்திருந்தோம். காதில் மாட்டிய கருவி ராஜாக்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும், அக்கா தன்னுடையதைக் கழற்றிவிட்டு, "தலை சுத்துதா? தண்ணி குடி" என்பார். அறைக்குத் திரும்பினால் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. என்ன பார்த்தோமோ அது மற்றவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அங்கே இருந்தோம். கல் பாவிய சதுக்கம், பக்கவாட்டில் ஒரு சின்ன மரக்கதவு, உள்ளே மேசைக்குப் பின்னால் பட்டியலோடு ஓர் இளம்பெண். பதினோரு பேர் பையைச் சோதிக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தார்கள். இரண்டு பாஸ்போர்ட்டும் அக்காவின் கைப்பையில்தான் இருக்கும். அவர் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார்.

அந்தப் பெண் என்னுடையதைத் திறந்தாள், பட்டியலைப் பார்த்தாள், திரும்ப என்னுடையதைப் பார்த்தாள். உங்கள் பதிவு நீக்கப்பட்டிருக்கிறது என்றாள். மார்ச் மாதமே.

"என்னோடது இல்ல, என் கணவரோடது" என்றேன்.

இல்லை, அவருடையது இருக்கிறது. உங்கள் இடம் அப்போதே வேறொருவருக்குப் போய்விட்டது, பதினோரு பேர் வந்துவிட்டார்கள், அவர் ஒருவர்தான் பாக்கி, அவருக்காகத்தான் காத்திருக்கிறோம் என்றாள். பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். பன்னிரண்டாவது வரியில் என் கணவர் இருந்தார். முழுப் பெயரோடு, பத்து மணிக்கு வரவேண்டியவராக.

அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தேன். அதே சமயம், இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், உள்ளுக்குள் ஒரு சிரிப்பும் வந்தது. அவர்கள் கணக்கில் அவர் உயிரோடு இருக்கிறார், போனது நான்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிழை திருத்தியவள் அல்லவா. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முன்னால் ஓர் எழுத்து, பின்னால் பெயர், அவ்வளவுதான். அந்த எழுத்து அப்பாவுடையது. கல்யாணமான பெண்ணுக்கு என் காலத்தில் அது கணவருடையதாக மாறும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்துக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டுவிடுவார்கள். ஆக, என் கணவரின் குடும்பப் பெயர் என் மாமனார். என் குடும்பப் பெயர் என் கணவர். மகள் அப்பாவின் பெயரை எழுதி நீக்கச் சொன்னாள், அவர்கள் வழக்கப்படி குடும்பப் பெயரில் அதைத் தேடியிருக்கிறார்கள், கிடைத்தவள் நான்.

இறந்தது அவர்தான் என்று சொல்லி, மேசைமேல் இருந்த தாளில் பெயர்களை வரிசையாக எழுதி, அம்புக்குறி போட்டு விளக்கினேன். அந்தப் பெண் கவனமாகத்தான் கேட்டாள். அப்படியென்றால் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, கல்யாணமான மகள் மூன்று பேருக்கும் மூன்று குடும்பமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றாள்.

பிறகு அவள் அக்காவின் பாஸ்போர்ட்டையும் திறந்தாள். முகம் தெளிந்தது. அக்காவின் எழுத்தும் என் மாமனார்தானே, கல்யாணம் ஆகாததால் மாறவே இல்லை. குடும்பப் பெயர் பொருந்துகிறது, முதல் பெயரில் சின்னப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு, இவர் போகலாம் என்றாள். உங்கள் பாஸ்போர்ட்டிலும் அந்தப் பெயர் இருக்கிறது, உங்களுக்கும் மாற்றித் தரலாம், தவறு எங்களுடையது. ஆனால் இடம் ஒன்றுதான். யார் போகிறீர்கள்?

அவர் பெயரில் ஒரு பாதி அக்காவிடம், ஒரு பாதி என்னிடம். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு டிக்கெட்.

"நானும் போகல, இவளும் போகல" என்றார் அக்கா தமிழில், அந்தப் பெண்ணிடமே. பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்னைத் தனியா நானூறு படி ஏறவிட்டுட்டு நான் கீழ நின்னு வானத்தைப் பாக்கவா? நடுவழியில மயக்கம் வந்தா யாரு பிடிப்பா? உன் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது? வா, வேற எதாவது சேந்து பாப்போம். இதைவிட்டா ஊர்ல இடமா இல்ல?"

பாஸ்போர்ட்டுகளை எடுக்கக் கையை நீட்டினார். வழிகாட்டி உள்ளேயிருந்து வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் சும்மா நின்றிருந்தால் சதுக்கத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பேன். ஊருக்குத் திரும்பி, தாழ்ப்பாள் போடாத குளியலறைக்குப் போயிருப்பேன். எத்தனை வருடத்துக்கோ.

"அக்கா" என்றேன். "எனக்குத் தனியா போகணும்."

"அதான் சொல்றேனே, தனியா எப்படி..."

"தனியா போகணும்னுதான் வந்தேன். உங்களுக்கு இடம் கிடைக்கலன்னு ஒவ்வொரு நாளும் சந்தோஷப்பட்டேன். ரெண்டு மணி நேரம் யாரும் என் மூஞ்சியைப் பாக்காம இருக்கணும்கா. அவ்வளவுதான். உங்க மேல கோபம் எல்லாம் இல்ல."

சொல்லி முடித்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. அக்கா என்னையே பார்த்தார். வழக்கமாகப் பார்க்கும் பார்வை இல்லை. வார்டில் ஒரு நோயாளி திடீரென்று எழுந்து நின்று செருப்பைத் தேடினால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டாவது மாசத்துலேர்ந்து."

"வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்றார். குரல் உயரவில்லை. "நான் மட்டும் உன் வீட்டு ஹால்ல சொகுசாவா படுத்திருக்கேன்? அந்த சோபா என் இடுப்பை ரெண்டாக்கிடுச்சு. என் வீட்டுல செடியெல்லாம் செத்துச் சருகாகியிருக்கும். கிளம்பறேன்னு சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியோன்னு ஒவ்வொரு மாசமும் தள்ளிப் போட்டுட்டு இருக்கேன். நல்ல ஜோடி நாம."

மேசையில் இருந்த என் பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் திணித்தார். அந்தப் பெண்ணைப் பார்த்து விரலால் என்னைக் காட்டினார். அவள் பன்னிரண்டாவது வரியில் கோடு கிழித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினாள். அவர் பெயர் அப்போதும் அந்த வரியில் இருந்தது, என் பெயருக்குப் பின்னால்.

படிக்கட்டு அவர் சொன்னது போலவே இருந்தது. இடதுபுறம் உள் கூரை என்னைவிட்டு விலகிச் சாய்ந்தது; வலதுபுறம் வெளிக் கூரை தலைக்கு மேல் வளைந்து போனது. செங்கல், குளிர்ச்சி, இடையிடையே ஒரு சாண் ஜன்னல். முன்னால் ஒருவரின் முதுகு, பின்னால் ஒருவரின் காலடிச் சத்தம். யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது. நூறு படி தாண்டியதும் என் முகத்தைச் சுமையைக் கீழே வைப்பதுபோல வைத்துவிட்டேன். இருநூறாவது படியில் அழுகை வந்தது. பெரிய அழுகையில்லை, நீண்ட நாள் மூடியிருந்த குழாயைத் திறந்தால் முதலில் வருவதுபோல விட்டுவிட்டு வந்தது. ஒரு ஜன்னல் ஓரம் ஒதுங்கி நின்றேன். பின்னால் வந்த பெரியவர் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்து, அவசரமில்லை, நானும் நிற்கிறேன் என்று கை காட்டினார். மூச்சு வாங்குகிறதென்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நெடுநாள் கழித்து என்னை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மேலே காற்று பலமாக இருந்தது. ஓடு வேய்ந்த கூரைகள் ஆறு வரை இறங்கிப் போயின. கீழே சதுக்கத்தில் அக்கா உட்காருவதாகச் சொன்ன பெஞ்சைத் தேடினேன். காலியாக இருந்தது. எனக்குக் கவலையே வரவில்லை.

இறங்கி வந்தபோது அக்கா ஓர் ஐஸ்கிரீம் கடையின் நிழற்குடைக்கு அடியில் இருந்தார். எதிரே கண்ணாடிக் கிண்ணத்தில் வெறும் பாலாக ஏதோ இருந்தது. கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

"ரெண்டு உருண்டை வாங்கினேன். சர்க்கரையைப் பத்தி நீ ஒண்ணும் பேசாதே" என்றார். "வாயில வைக்கறதுக்குள்ள அழுகை வந்துடுச்சு. அழுது முடிச்சுப் பாத்தா எல்லாம் கரைஞ்சு போச்சு. அவன் போன அன்னைக்கு உன் பிபிதான் பாத்துட்டிருந்தேன். மறுநாளும் அதான். எனக்குத் தம்பி செத்ததுக்கு அழ இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுது."

நான் எதிரில் உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு உருண்டை சொன்னோம், அதைக் கரைய விடவில்லை.

மதியம் தெருமுனை அலுவலகத்துக்குப் போனோம். நெற்றிக் கண்ணாடிக்காரர் படகா, பேருந்தா என்று கேட்டார். அக்கா சுவரிலிருந்து ஒரு பிரசுரத்தை உருவினார். ஐந்நூறு வருடத்துப் பழைய ஆஸ்பத்திரி, வார்டெல்லாம் அப்படியே இருக்கிறது, வழிகாட்டியோடு மூன்று மணி நேரம்.

"முதல் நாளே பாத்தேன். உனக்கு ஆஸ்பத்திரின்னா வயித்தைக் கலக்குமேன்னு விட்டுட்டேன்."

"எனக்கு அந்தப் பழைய அச்சுக்கூடம்" என்றேன். "நீங்க தூங்கிடுவீங்கன்னு நானும் விட்டுட்டேன்."

"கண்டிப்பா தூங்கியிருப்பேன்."

நெற்றிக் கண்ணாடிக்காரர் இரண்டு தனித்தனிச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார். சண்டையா என்று ஜாடையில் கேட்டார். இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். அந்த முனையில் அக்கா இடதுபக்கம் போனார், நான் வலதுபக்கம். திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. ஊருக்கு வந்த அடுத்த வாரமே தன் வீட்டுக்குப் போய், புதுச் செடிகள் வாங்கி வைத்தார். அதெல்லாம் பிறகு.

அன்று மாலை ஆறு மணிக்கு ஹோட்டல் வரவேற்பறையில் சந்திப்பதாகப் பேச்சு. நான் ஐந்தேமுக்காலுக்கே வந்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஈய எழுத்துக் கோக்கும் மேசை, தலைகீழாக வாசிக்கப் பழகியவர்கள், நானூறு வருடத்துக்கு முந்தைய தாளின் ஓரத்தில் ஒரு பிழைதிருத்துநர் போட்டிருந்த குறி என்று எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அக்கா இருபது நிமிடம் தாமதமாக, கைப்பையைத் தோளில் சரித்துக்கொண்டு, நொண்டி நொண்டி, முகமெல்லாம் மலர வந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"இரு, நான் முதல்ல" என்று பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஒரே கட்டில்ல நாலு பேஷன்ட் படுக்க வச்சிருக்காங்கடி. தலைமாட்டுல ரெண்டு, கால்மாட்டுல ரெண்டு. எவ பெட்ஷீட் மாத்துவா, சொல்லு?"

நான் காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டேன்.